கூகையின் நூறு நாள்: கடலூர் நெல்வயல்களில் ஓர் இரவுப் பறவையின் இனப்பெருக்கம்

சம்பாப் பயிர் தண்டு உருளும் பருவத்தை எட்டியதும் கடலூர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், குறிப்பாகக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரி வட்டாரங்களில், எலியைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அப்போது சொல்லப்படும் யோசனைகளில் ஆந்தைக்கும் ஓரிடம் உண்டு. வயலின் நடுவே டி வடிவத்தில் பறவைத்தாங்கி நட்டு வைத்தால் இரவில் ஆந்தை வந்து அமர்ந்து எலியைப் பிடிக்கும் என்பார்கள். யோசனை சரியானதே; ஆனால் தாங்கி அந்தப் பறவைக்குச் சற்று நேரம் உட்கார இடம் தருகிறது, அவ்வளவுதான். அது ஆண்டுதோறும் அதே ஊரில் தங்குமா என்பதை, அங்கே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க அதற்கு வழி இருக்கிறதா என்பதே முடிவு செய்கிறது. கூகை எத்தனை எலி தின்னும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அது எங்கே முட்டையிடும், இட்டவற்றில் எத்தனை பறக்கும் நிலைக்கு வந்து சேரும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எலிக் கணக்கு முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் சார்ந்திருக்கிறது.

இங்கே பேசப்படும் பறவை வெண்கூகை. கூகை என்றும், ஊர்ப்புறத்தில் சாக்குருவி என்றும் சொல்லப்படுவது இதுவே. இதய வடிவிலான வெள்ளை முகம், பொன்னும் சாம்பலும் கலந்த முதுகு, புள்ளிகள் தெளித்த வெளிறிய வயிறு, நீண்ட கால்கள், அரைக் கிலோவுக்குச் சற்று முன்பின்னான எடை ஆகியவை இதன் அடையாளங்கள். உலகின் பெரும்பகுதியில் பரவியிருக்கும் டைட்டோ ஆல்பா என்ற இனத்தோடு இது நெடுங்காலம் சேர்த்தே எண்ணப்பட்டது. அண்மைக்கால வகைப்பாடுகள் சில, இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ளவற்றை டைட்டோ ஜவானிகா என்று தனியாகப் பிரிக்கின்றன. பகலிலும் கண்ணில் படும் புள்ளி ஆந்தையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கூகை ஏறத்தாழ முழுமையான இரவுப் பறவை. அதன் இடச்செவித் துளை வலச்செவித் துளையைவிட உயரத்தில் இருப்பதால், ஓர் ஒலி இரு செவிகளையும் எட்டுவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு அது இரையின் இடத்தைக் கணிக்கிறது. முற்றிலும் இருண்ட அறையிலும் கூகையால் எலியைப் பிடிக்க முடியும் என்பதைச் சோதனை வழியாகக் காட்டி 1971இல் கட்டுரை வெளியிட்டவர், திமிங்கிலங்களின் பாடலை உலகறியச் செய்த அதே ரோஜர் பெயின்.

கூகை கூடு கட்டுவதில்லை. குச்சி சேர்ப்பதில்லை, புல் கொண்டுவருவதில்லை. இருளும், ஓரளவு அகலமான தளமும், மழை நுழையாத மறைவும் உள்ள ஒரு பொந்தைத் தேடிப் பிடித்து, அதன் தரையிலேயே முட்டையிடுகிறது. அங்கே மெத்தை போல ஏதாவது இருந்தால் அது அந்தப் பறவையே கக்கிய உமிழ் உருண்டைகளின் தூள்தான். விழுங்கிய எலியின் தோல்மயிரையும் எலும்பையும் செரிக்க முடியாமல் கூகை உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். பெண் பறவை அவற்றை அலகாலும் நகத்தாலும் கிழித்துப் பரப்பி, அதன் மேல் முட்டையிடும். ஆகவே கூகைக்கு வேண்டியது, தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத ஒரு பொருள்: முன்பே இருக்கும் பெரிய பொந்து. மரங்கொத்தி துளைத்த சிறு துளையோ, மைனாவுக்கும் கிளிக்கும் போதுமான பனைமரத் துளையோ இதற்கு உதவாது. நான்கைந்து குஞ்சுகள் ஏறத்தாழ முழு வளர்ச்சி பெறும் வரை அடைந்து கிடக்க வேண்டிய இடம் அது.

அப்படிப்பட்ட பொந்து முதிர்ந்த மரங்களில்தான் உண்டாகும். ஆல், அரசு, இலுப்பை, புளி ஆகியவற்றில் பெரிய கிளை ஒடிந்து, உள்மரம் உளுத்து, குகை போலாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி ஒருத்தி கூகையைப் பார்த்துப் பேசுகிறாள்; அந்தக் கூகை ஊர் வாயிலில், உண்ணுநீர்த் துறையருகே, கடவுள் உறையும் முதுமரத்தில் தங்கிப் பழகியது. காதலர் வரவை எதிர்பார்த்து உறங்காமல் தவிக்கும் இரவுப்பொழுதில் அச்சம் வரும்படி கத்தாமல் இருந்தால் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாக அவள் அதற்கு ஆசை காட்டுகிறாள். அது எந்த இனக் கூகை என்று பாடல் சொல்லவில்லை. ஆனால் இருப்பிடம் முதுமரம், உணவு எலி என்ற இரண்டு செய்திகளும் இன்றைய பறவையியலாளர் எவரும் திருத்தத் தேவையில்லாதவை. வெட்டாமல் விட்டுவைக்கப்பட்ட கோயில் மரமே ஊரின் மிகப் பெரிய பொந்துக்கு உரியது என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

மாவட்டத்தில் அத்தகைய மரங்கள் குறைந்துவிட்டதற்கு ஒரு தேதியையும் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது பற்றி நிறைய எழுதப்பட்டது. அவற்றுக்குப் பொருளாதார மதிப்பு இருந்தது. உளுத்த நடுமரம் கொண்ட கிழமரங்களே காற்றில் முதலில் முறிபவை, அவையே பொந்துள்ளவை என்பதை அந்நாளில் கணக்கெடுக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. முந்திரியை மறுபடி நடலாம், சில ஆண்டுகளில் காய்க்கும். கூகை குடியேறத்தக்க இலுப்பைக்கு ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க வேண்டும். சாலைகளை அகலப்படுத்தும்போது வீழ்த்தப்படும் பழைய புளியமரங்களும் இதே கணக்கில் சேரும்.

மரம் போனால் கட்டடம் என்பது கூகையின் வழக்கம். கைவிடப்பட்ட வீடு, பாழடைந்த ஆலை, பழங்கிணற்றின் சுவரில் உள்ள குழி, கோயில் கோபுரத்தின் உள்மாடங்கள் ஆகியவற்றை அது தயக்கமின்றி ஏற்கும். கோபுரம் இவற்றுள் சிறந்தது: உயரமானது, இருளானது, கல்லும் செங்கல்லும் சேர்ந்த கனத்த சுவர் கோடையிலும் உள்ளே வெப்பத்தை மட்டுப்படுத்துகிறது, இரவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு இருக்கிறது. திருப்பணியின்போது விரிசல்கள் பூசப்படுகின்றன. புறா புகாமலிருக்க மாடவாசல்களுக்குக் கம்பிவலை அடிக்கப்படுகிறது. புறாவைத் தடுக்க அடித்த வலை கூகையையும் தடுத்துவிடும். கோபுரத்தைப் பழுதுபார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. மேல்நிலை மாடம் ஒன்றின் வாசலை மட்டும் திறந்துவிட்டு, உட்பக்கமாக மரத்தடுப்பு வைத்தால் எச்சமும் பரவாது, பறவையும் தங்கும்; திருப்பணித் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று.

இடம் கிடைத்த பிறகு தொடங்குவது ஆண் பறவையின் வேலை. இணைசேரும் காலத்தில் ஆண் எலியைப் பிடித்து வந்து பெண்ணுக்குக் கொடுக்கிறது. காதல் சடங்கு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் இது அதைவிடப் பெரிய ஏற்பாடு. முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பெண் வேட்டையாடுவதைக் குறைத்துக்கொண்டு பொந்திலேயே தங்கி, ஆண் கொண்டுவரும் இரையால் எடை கூடுகிறது. அந்த எடை கூடாவிட்டால் முட்டை தள்ளிப்போகும் அல்லது எண்ணிக்கை குறையும். முட்டையிட்ட நாளிலிருந்து கடைசிக் குஞ்சு தன் உடல்வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் நிலைக்கு வரும் வரை பெண் அடைகாப்பதும் அணைப்பதுமாக இருக்கும். அவ்வளவு காலமும் குடும்பம் முழுவதற்கும் உணவு கொண்டுவருவது ஒரே ஒரு ஆண். ஓர் ஆண் பறவையின் இரவு வேட்டைத் திறனே அந்தப் பொந்தில் எத்தனை உயிர் வாழலாம் என்பதன் உச்ச வரம்பு.

முட்டைகள் வெண்மையானவை, ஓர் ஈட்டில் பெரும்பாலும் நான்கு முதல் ஏழு வரை. உணவு மிகுந்த காலத்தில் பத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒன்றாக இடப்படும் இவற்றை, எல்லாம் இட்டு முடியட்டும் என்று காத்திராமல், முதல் முட்டையிலிருந்தே பெண் அடைகாக்கத் தொடங்குகிறது. கோழி இப்படிச் செய்வதில்லை. அது ஈடு முடிந்த பின் அடைக்கு அமர்வதால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவருகின்றன. கூகையில் ஒவ்வொரு முட்டைக்கும் ஏறத்தாழ 30 முதல் 32 நாள் அடைக்காலம் தனித்தனியாக ஓடுகிறது. அதனால் ஆறு முட்டை உள்ள பொந்தில் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வார வயது வேறுபாடு இருக்கும். ஒன்று எலியை முழுதாக விழுங்க முயலும் நேரத்தில் மற்றொன்று கண் திறக்காத சதைப்பிண்டமாகக் கிடக்கும்.

முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இது இயற்கையின் குளறுபடி போலத் தோன்றும். உண்மையில் எதிர்காலத்தை முன்னறிய முடியாத ஒரு பறவையின் காப்பீடு இது. முட்டையிடும் நாளில், இரண்டு மாதம் கழித்து எலி எவ்வளவு கிடைக்கும் என்று பெண்ணால் அறிய இயலாது. அதனால் நல்ல காலத்தை எண்ணிக் கூடுதலாக இட்டுவிடுகிறது. எலி தொடர்ந்து கிடைத்தால் கடைக்குட்டி வரை அனைத்தும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பஞ்சம் எல்லாக் குஞ்சுகளையும் சமமாகத் தாக்காது. வயதிலும் எடையிலும் பின்தங்கிய கடைசிக் குஞ்சு முதலில் சாகும், அதற்கடுத்து அதற்கு மூத்தது. செத்த குஞ்சைத் தாயோ உடன்பிறப்புகளோ தின்பதும் நடக்கிறது. எல்லாக் குஞ்சுகளும் ஒரே வயதாக இருந்திருந்தால், பற்றாக்குறை ஆண்டில் அனைத்தும் அரைவயிற்றோடு வளர்ந்து அனைத்தும் மடிந்திருக்கும். ஒரு பொந்தில் எத்தனை முட்டை இருந்தது என்பதைவிட, எத்தனை குஞ்சு வெளியே பறந்தது என்பதே அந்த வட்டாரத்தின் எலி நிலவரத்தைச் சொல்லும் எண்.

ஆயினும் பொந்துக்குள் நடப்பது வெறும் வலியவன் ஆட்சி அன்று. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் ரூலான் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள் இங்கே வியப்பான செய்தியைத் தருகின்றன. பெற்றோர் இரையோடு வருவதற்கு முன்பே, யாரும் இல்லாத நேரத்தில், குஞ்சுகள் ஒன்றையொன்று நோக்கிக் குரல் எழுப்புகின்றன. மிகுந்த பசியுள்ள குஞ்சு அடிக்கடியும் நீட்டியும் கூப்பிடுகிறது. ஓரளவு உண்ட குஞ்சு அதைக் கேட்டு அடுத்த எலிக்கான போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறது. ஓர் எலியை ஒரு குஞ்சுதான் விழுங்க முடியும் என்பதால், தோற்கப்போகும் போட்டியில் ஆற்றலைச் செலவிடாதிருப்பது அதற்கும் லாபம். 2020இல் வெளியான மற்றொரு ஆய்வில், மூத்த குஞ்சுகள் தமக்குக் கிடைத்த இரையை இளையவற்றுக்கு விட்டுக்கொடுப்பதும், தம் இறகைக் கோதிவிட்ட தம்பி தங்கைக்கும் அதிகப் பசியில் குரல் எழுப்பியதற்கும் கூடுதலாகக் கொடுப்பதும் பதிவாகியுள்ளன. பாழ்வீட்டிலிருந்து இரவெல்லாம் கேட்கும் குறட்டை போன்ற சீறலைப் பேய் என்று எண்ணி அஞ்சியவர்கள் நம்மூரில் பலர். பசித்த குஞ்சுகளின் இரைச்சல் அது.

பொரித்த நாளில் சில பத்துக் கிராம்கூடத் தேறாத குஞ்சு, ஏறத்தாழ 40 நாளில் பெற்றோரின் எடையைத் தாண்டிப் பருத்துவிடும். பிறகு இறகு முளைக்க முளைக்க எடை குறைந்து, 50 முதல் 60 நாளில் பறக்கும். இளையதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆனதும் தாயும் வேட்டைக்குக் கிளம்புகிறது. முதல் முட்டையிலிருந்து கடைசிக் குஞ்சு பறப்பது வரை கூட்டினால் நூறு நாளை ஒட்டி வருகிறது. பறந்த பின்னும் சில வாரம் பெற்றோர் ஊட்டுகின்றனர். இது 110 நாள் வயதுடைய ஏடிடி 43 போன்ற ஒரு குறுவை நெல் இரகத்தின் ஆயுளுக்கு ஏறக்குறைய இணை. இந்த ஒப்புமையை மனத்தில் இருத்திக்கொண்டால், கூகையின் சிக்கல் உழவருக்கு எளிதில் விளங்கும். நூறு நாளும் தொடர்ந்து தண்ணீர் வேண்டும் என்பது போல, நூறு நாளும் தொடர்ந்து எலி வேண்டும். அதிலும் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் பல மடங்கு வேண்டும்.

ஆனால் நெல்வயலில் எலியின் எண்ணிக்கை ஒருபோதும் நிலையாக இருப்பதில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் நீரை நம்பிய பகுதியில் சம்பா நடவு முடிந்து, வடகிழக்குப் பருவமழையில் வயல் நிறைந்திருக்கும் காலத்தில் எலிகள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கும். பயிர் பொதி கட்டிக் கதிர் விடும்போது கரம்பை எலி பெருக ஆரம்பிக்கும். மூன்று வாரக் கருக்காலமும் ஈற்றுக்கு அரை டஜன் குட்டிகளுக்கு மேல் போடும் வழக்கமும் கொண்ட அது, அறுவடைக்குள் வரப்பைச் சல்லடையாக்கிவிடும். தை, மாசியில் அறுவடை முடிந்து உளுந்தும் பச்சைப்பயறும் முளைத்திருக்கும் வயலில் எலிக்கு மறைவு குறைவு. கூகைக்கு அதுவே பொற்காலம். சித்திரை, வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும்போது இரை அருகிவிடும். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் கரும்பு நிற்பதால் இந்த ஏற்றத்தாழ்வு சற்று மட்டுப்படுகிறது. புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியிலும் நெல்லும் கரும்பும் கலந்த நிலமே.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. எலி மிகுதியாக இருப்பதும் எலி கைக்கெட்டுவதும் ஒன்றல்ல. இடுப்பளவு நிற்கும் சம்பாப் பயிருக்குள் ஓடும் எலி காதில் விழுந்தாலும், அதன் மேல் பாய்வது கூகைக்குக் கடினம். வரப்பும், அறுத்த தாளும், தென்னந்தோப்பின் வெறுந்தரையுமே அது வேட்டையாடும் மேடை. இதனால்தான் வயல் நடுவே தாங்கி வைப்பது பலன் தருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் பொந்திலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே ஆண் பெரும்பாலும் வேட்டையாடுவதால், அந்த வட்டத்துக்குள் திறந்த தரை எவ்வளவு என்பது குஞ்சுகளின் உயிரை நிர்ணயிக்கிறது. கூகை பொந்தின் அருகாமையைத் தவிரப் பரந்த எல்லை எதையும் காப்பதில்லை. ஆகவே உணவும் பொந்தும் இருந்தால் பல இணைகள் அண்டை வீட்டாராக வாழ்வதில் தடையில்லை.

எந்த எலியைத் தின்கிறது என்பதை அறிய உமிழ் உருண்டைகளே வழி. மற்ற வேட்டைப் பறவைகளைக் காட்டிலும் ஆந்தைகளின் வயிற்றில் எலும்பு குறைவாகவே கரைவதால், உருண்டையைப் பிரித்தால் மண்டையோடு முழுதாகக் கிடைக்கும். பல்வரிசையைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியைச் சேர்ந்தவர்கள் காவிரிப் படுகையிலும், பின்னர் மதுரை தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் அம்மாவட்டத்திலும் இவ்வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். கரம்பை எலி, புல்லெலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி, மூஞ்சூறு என்று நம் வயல்களின் சிறு பாலூட்டிகளே இரைப்பட்டியலில் பெரும்பகுதி. இவற்றுள் வயல் சுண்டெலி பத்துக் கிராம் அளவே. முழு வளர்ச்சி பெற்ற கரம்பை எலியோ கூகையின் எடையில் பாதியை எட்டக்கூடியது. அதனால் கரம்பை எலியில் பெரும்பாலும் குட்டிகளும் இளவயதினவும்தான் பிடிபடும். ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எலி பிடிக்கும் என்று மேடைகளில் சொல்லப்படும் எண்களை இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இருபது முப்பது கிராம் எடையுள்ள ஐரோப்பியப் புல்வெளி எலிகளை வைத்துப் போட்ட கணக்கைக் கரம்பை எலிக்கு அப்படியே பொருத்த முடியாது. எண்ணிக்கை குறையும், எடை அதே. மேலும் குட்டிகளைப் பிடிப்பது பெருக்கத்தைத் தடுக்கும் வகையில் பயன் தருவதுதான். ஆனால் ஏற்கெனவே பெருகிவிட்ட எலிப்படையைக் கூகை மட்டும் ஒடுக்கிவிடும் என்று வாக்களிப்பது அந்தப் பறவைக்கே தீங்கு. பலன் தெரியாத முதல் பருவத்திலேயே, கூகை முட்டையிடுவதற்காக வைத்த பெட்டியை விவசாயி கழற்றிவிடுவார்.

மழையும் வெயிலும் குஞ்சுகளின் கதையில் வில்லன்கள். கூகையின் இறகு விளிம்பு மென்மையான ஓரமுடையது. அதனால்தான் அது ஓசையின்றிப் பறக்கிறது. அந்த மென்மைக்குக் கொடுக்கும் விலை, இறகு எளிதில் நனைந்துவிடுவது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் நாள்கணக்கில் கொட்டும் மழையில் ஆண் வேட்டைக்குப் போக முடியாது. மழையின் இரைச்சலில் எலியின் சரசரப்பும் கேட்காது. அப்போது பொந்தில் இளங்குஞ்சு இருந்தால் அதன் கதி மேலே சொன்ன வரிசைப்படிதான். கோடையில் சிக்கல் வேறு வகையானது. தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் நேராக விழும் மெல்லிய பலகைப் பெட்டியிலோ இருக்கும் குஞ்சுகள் அக்கினி நட்சத்திர நாட்களில் வெந்து சாகக்கூடும். 1980களிலிருந்து வயல்களில் கூகைப் பெட்டிகளை வைத்துவரும் இஸ்ரேலில் இந்த அனுபவத்தால், பெட்டி எத்திசை பார்க்க வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும் என்று ஆராய்ந்து பெட்டிகளின் இடத்தை மாற்றினார்கள். இந்தியாவில் கூகை ஆண்டின் எம்மாதத்திலும் முட்டையிடக்கூடியது, இடத்துக்கு இடம் காலம் மாறுவது என்பதால், பெட்டியோ மாடமோ இரண்டு பருவத்துக்கும் தாங்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட உழவரின் கையில் இருப்பது நஞ்சு. எலிக்கு வைக்கப்படும் மருந்துகளில் துத்தநாக பாஸ்பைடு உடனே கொல்வது. எலியின் வயிற்றில் வாயுவாகிக் கொல்வதால் அதன் தசையில் அதிகம் தங்குவதில்லை, குடலை விலக்கித் தின்னும் விலங்குக்கு ஆபத்து ஒப்பளவில் குறைவு. புரோமடியலோன் வேறு வகை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இம்மருந்தைத் தின்ற எலி சாக நாலைந்து நாளுக்கு மேல் ஆகிறது. அந்த நாட்களில் அது தளர்ந்து, வளையை விட்டு வெளியே தள்ளாடித் திரிகிறது. கூகைக்கு அதைவிட எளிய இரை கிடையாது. நஞ்சு ஈரலில் மாதக்கணக்கில் தங்குவதால், ஒவ்வொரு எலியாகத் தின்னத் தின்னப் பறவையின் உடலில் சேர்கிறது. மலேசியாவின் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் வார்ஃபரின் என்ற பழைய எலி நஞ்சுக்குப் பதிலாக, புரோமடியலோன் போன்ற வீரியம் மிக்க இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தபோது கூகைகள் குறைந்ததை 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

நூறு நாள் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் காலப்பொருத்தம் எவ்வளவு மோசமானது என்று புரியும். விவசாயி மருந்து வைக்க முனைவது எலி கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகிக் கதிரை வெட்டத் தொடங்கிய பிறகு. கூகைக் குஞ்சுகள் மிக அதிகமாகத் தின்னும் பருவமும் பெரும்பாலும் அதே நேரத்தில் அமைகிறது, ஏனெனில் அந்தப் பெருக்கத்தை நம்பித்தான் அது முட்டையிட்டது. ஒரே ஆண் பறவை செத்தால், சின்னஞ்சிறு குஞ்சுகளுள்ள பொந்து முழுவதும் பட்டினியில் முடியும். எனவே மருந்து வேண்டாம் என்பதைவிட, பயிர் இளமையாக இருக்கும்போதே ஊர் கூடி வரப்பைச் சுருக்குவதும், வளையை வெட்டுவதும், டெல்டாவில் நெடுங்காலமாகப் புழங்கும் கிட்டி என்ற எலிப்பொறியை வைப்பதும் பயன் மிக்கவை. எலி வளையை இனம்கண்டு தோண்டுவதில் இம்மாவட்ட இருளர்களுக்கு நிகரான திறன் வேறு எவருக்கும் இல்லை. அதற்குக் கூலி கொடுப்பதை விடுத்து மருந்துப் பொட்டலத்துக்குக் கொடுப்பது எனக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை.

பொந்து பற்றாக்குறை என்றால் பெட்டி வைக்கலாம். 1960களின் பிற்பகுதி வரை மலாயா தீபகற்பத்தில் அரிதாக இருந்த கூகை, பொந்தே இல்லாத செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைக்கப்பட்டதும் எங்கும் பரவியது இதற்குச் சான்று. லட்சத்தீவின் கவரத்தியில் தென்னந்தோப்பு எலிகளுக்காகக் கூகைகளை வெளியிலிருந்து கொண்டுவந்தே விட வேண்டியிருந்தது. கடலூருக்கு அந்தத் தேவை இல்லை. பறவை இங்கேயே இருக்கிறது, பிடித்துவந்து விடுவது தேவையற்றது மட்டுமின்றிச் சட்டத்துக்கும் புறம்பு. பெட்டியின் தளம் முக்கால் முழத்துக்குக் குறையாத அகலத்தோடு இருக்க வேண்டும். வாசல் சாண் அகலத்தைவிடச் சற்றுக் குறைந்தால் போதும். ஆனால் அதன் அடிவிளிம்பு தளத்திலிருந்து 45 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். நம்மூரில் செய்யப்படும் பெட்டிகளில் இந்த ஒன்றுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. வாசல் தாழ்வாக இருந்தால், இரை வரும் ஓசை கேட்டு முண்டியடிக்கும் பறக்காத குஞ்சு கீழே விழும். விழுந்த குஞ்சைப் பெற்றோர் தரையில் தேடி ஊட்டுவது அரிது. நாயும் கீரியும் காகமும் முந்திக்கொள்ளும். மரநாயும் உடும்பும் ஏற முடியாதபடி கம்பத்தில் வழவழப்பான தகட்டைச் சுற்றுவதும் வேண்டும்.

பறந்துபோகும் குஞ்சுகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் ஆண்டிலேயே இறந்துவிடுகின்றன என்பது பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்த நாடுகளின் பொதுவான முடிவு. கூகை குறைந்த வாழ்நாளை நிறைந்த ஈட்டால் ஈடு செய்யும் பறவை. பிறந்த ஓராண்டுக்குள் அதுவே முட்டையிடத் தயாராகிவிடும். தரையிலிருந்து ஆள் உயரத்தில் சாலையைக் கடக்கும் அதன் பழக்கம், விழுப்புரம் நாகப்பட்டினம் சாலை போன்ற இரவும் பகலும் வண்டி ஓடும் நெடுஞ்சாலைகளில் இளம் பறவைக்கு உகந்ததன்று. ஆகவே பெட்டியைச் சாலையோரக் கம்பத்தில் வைக்காமல் வயலின் உட்புறத்தில், தென்னை அல்லது மோட்டார்க் கொட்டகையின் நிழல் விழும் பக்கத்தில் வைப்பது நல்லது. குடியேறப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சம்பாவுக்கு எலி பெருகும் முன் இணை அந்த இடத்தைக் கண்டு பழகியிருக்க வேண்டுமானால், ஆடிக்குள் பெட்டி ஏறிவிட வேண்டும். உள்ளே உமிழ் உருண்டைகள் படிப்படியாகச் சேர்ந்து தளத்தை உயர்த்தி, அந்த 45 சென்டிமீட்டரை விழுங்கிவிடும் என்பதால், முட்டையோ குஞ்சோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஆண்டுக்கொரு முறை அவற்றை அள்ளி எடுக்க வேண்டும். அடியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் விட்டுவைத்தால், அடுத்த ஈட்டுக்கு அதுவே மெத்தை.